காணிக்கையை வைத்துவிட்டுப் போங்கள்: உண்மையான ஆராதனைக்கும் சபை ஐக்கியத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

சபையில் ஆராதனை உயிரில்லாமல் இருக்கிறது என்று தோன்றினால், முதலில் மாறுவது பாட்டுப் பட்டியல்தான். அப்புறம் மைக், ஸ்பீக்கர். அப்புறம் ஆராதனை நேரம். இவற்றில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பல வருடம் பாடற்குழுவில் நின்றவன், பின்பு ஆராதனையை நடத்தும் பொறுப்பிலும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிரச்சினை அநேகமாக அங்கே இருக்காது. மூன்றாவது வரிசையில் இருப்பவரும் ஏழாவது வரிசையில் இருப்பவரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வருடம் ஆகியிருக்கும். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

ஆராதனையை ஒரு தலைப்பாகவும் ஐக்கியத்தை இன்னொரு தலைப்பாகவும் பிரித்துப் பார்ப்பது நம் பழக்கம். வேதத்தில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியும் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. முதல் மூன்று படிகளை யாரும் தனியாகவே தொடங்கலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம். மற்றவை ஆராதனை நடத்துகிறவர்களுக்கும் போதகர், மூப்பர் போன்ற பொறுப்பில் இருப்பவர்களுக்கும் அதிகமாகப் பொருந்தும்.

படி 1: கிணற்றடிப் பேச்சை மறுபடி வாசியுங்கள்

"ஆவியோடும் உண்மையோடும்" தொழுதுகொள்ள வேண்டும் என்ற யோவான் 4-ஆம் அதிகாரத்து வார்த்தை நமக்கு மனப்பாடம். அது எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். கிணற்றடியில் இயேசுவிடம் சமாரியப் பெண் கேட்டது ஒரு பிரிவினைக் கேள்வி: எங்கள் முன்னோர் இந்த மலையில் தொழுதார்கள், நீங்களோ எருசலேம் என்கிறீர்கள், எது சரி? கெரிசீம் மலையில் சமாரியருக்கு ஒரு ஆலயம் இருந்தது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் யூத ஆட்சியாளர் யோவான் இர்கான் அதை இடித்துத் தள்ளினார். அந்தப் பெண் பேசியது நூறு வருடத்துக்கு மேல் ஆறாத காயத்திலிருந்து.

அதாவது, ஆராதனையைப் பற்றி இயேசு பேசியவற்றில் நாம் அதிகம் எடுத்துச் சொல்லும் வார்த்தை, ஒருவரோடொருவர் சம்பந்தம் கலவாத இரண்டு கூட்டத்தாருக்கு நடுவே சொல்லப்பட்டது. சொன்னவர் ஒரு யூதர். அவர் அதற்கு முன் அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவள் கையால் தண்ணீர், அதற்குப் பிறகுதான் தொழுகையைப் பற்றிய பேச்சு.

அந்த இடத்தில் "தொழுதுகொள்ளுதல்" என்பதற்கு மூலமொழியான கிரேக்கத்தில் வரும் சொல்லுக்குள் குனிவதும் விழுந்து பணிவதும் இருக்கின்றன. தேவனுக்கு முன் விழுந்து கிடக்கிறவன் பக்கத்தில் கிடக்கிறவனைக் குனிந்து பார்க்க முடியாது, இருவருமே தரையில்தான் இருக்கிறார்கள். இந்த வாரம் அந்த அதிகாரத்தை ஒரே மூச்சில், அந்தப் பெண்ணின் கேள்வியை மனதில் வைத்து வாசித்துவிடுங்கள். மற்றப் படிகளுக்கு அது அடித்தளம்.

படி 2: ஆராதனைக்கு முந்தின நாள் பெயர்களை எண்ணுங்கள்

ஆராதனைக்கு முந்தின இரவு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சபையில் நீங்கள் கண் பார்த்துப் பேசத் தயங்குகிற முகங்கள் எவை? வாசலில் யாரைக் கண்டால் வேறு பக்கம் நடக்கிறீர்கள்? பெயர்களைத் தாளில் எழுதுங்கள். மனதுக்குள் வைத்திருந்தால் அது நழுவிவிடும்.

மத்தேயு 5:23, 24-ஐ இங்கே நிதானமாக வாசிக்க வேண்டும். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவனுக்கு அங்கே ஒன்று நினைவுக்கு வருகிறது: அவன் சகோதரனுக்கு அவன்மேல் குறை உண்டு. அவனுக்குச் சகோதரன்மேல் அல்ல. நம்மில் பலர் இதைத் தலைகீழாகப் படிக்கிறோம். "என் மனதில் யார்மேலும் கசப்பு இல்லை, நான் சுத்தம்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். இயேசு கேட்பது அது அல்ல. உங்களால் புண்பட்டு உட்கார்ந்திருப்பவர் யாராவது உண்டா என்று கேட்கிறார்.

இன்னொன்று. இதை முதலில் கேட்டவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம், கால்நடையாக ஏறக்குறைய மூன்று நாள். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, மூன்று நாள் நடந்து ஊருக்குப் போய், ஒப்புரவாகி, மறுபடி மூன்று நாள் நடந்து வந்து செலுத்து. அதைக் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியமாகத் தெரிந்திருக்கும்! ஒப்புரவு கடைசியில் சேர்க்கும் அலங்காரமாக இருந்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆதிச் சபையும் இதை எழுத்துப்படியே எடுத்துக்கொண்டது. மிகப் பழைய சபை ஒழுங்கு நூலான டிடாக்கே, கர்த்தருடைய நாளில் அப்பம் பிட்கக் கூடும்போது முதலில் பாவங்களை அறிக்கையிடச் சொல்கிறது. தோழனோடு சண்டையில் இருப்பவன் சமாதானமாகும்வரை அந்தக் கூடுகையில் சேர வேண்டாம் என்றும் சொல்கிறது.

படி 3: போய்ப் பேசுங்கள்

இதுதான் கஷ்டமான படி. இங்கே கொஞ்சம் நிற்கப்போகிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். பாடற்குழுவில் என்னைவிட வயதில் மூத்த ஒருவர் இருந்தார். நான் இரண்டு வாரம் பயிற்சி செய்து வைத்திருந்த பாட்டை, என்னிடம் சொல்லாமலே ஆராதனையன்று காலையில் மாற்றிவிட்டார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று பேரிடம் மட்டும் அவரைப் பற்றிச் சொன்னேன், அகங்காரம் பிடித்தவர் என்று. எட்டு மாதம் பேச்சே இல்லை. பாட்டு மட்டும் சேர்ந்து பாடினோம், சுருதி பிசகாமல்.

ஒரு ஞாயிறு திருவிருந்துக்கு முழங்காலிட்டேன். பக்கத்தில் வந்து முழங்காலிட்டவர் அவர்தான். இடம் நெருக்கம். அவர் முழங்கை என் முழங்கையில் பட்டது. நான் கையை உள்ளே இழுத்துக்கொண்டேன். யோசிக்கவே இல்லை, கை தானாக ஒதுங்கியது. அடுத்த நொடி அப்பம் வந்தது. ஒரே தட்டு. அன்று முழுவதும் எனக்கு அந்த முழங்கைதான் ஞாபகம்.

மறுநாள் போன் செய்தேன்.

"அண்ணே, ஒரு பத்து நிமிஷம் வீட்டுக்கு வரட்டுமா?"

"வாங்க தம்பி. கதவு திறந்துதான் இருக்கு."

போய் உட்கார்ந்ததும் அந்த மூன்று பேரிடம் நான் சொன்னதை அப்படியே சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்ட மாத்தினது என் தப்புதான் தம்பி. ஆனா நீங்க எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். எட்டு மாதம் அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட சில நடைமுறைகளைச் சொல்கிறேன்.

நேரில் போங்கள். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்புவது எழுதுகிறவருக்கு ஆறுதல் தரும், வாசிக்கிறவருக்குத் தராது. நேரில் முடியாவிட்டால் குரலாவது கேட்கட்டும். தனியாகப் போங்கள். மத்தேயு 18:15 சொல்லும் முதல் கட்டம் நீயும் அவனும் தனித்திருக்கையில் என்பது. சாட்சிகளும் சபையும் அதற்குப் பிறகுதான். நம்மிடம் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. சபைக்கெல்லாம் தெரிந்த பிறகு, சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில் தெரியவருகிறது. ஜெபக்குறிப்பு என்ற பெயரிலும் இது நடக்கும்: "அந்தச் சகோதரிக்காக ஜெபியுங்கள், அவர்களுக்குள் கொஞ்சம் பெருமை இருக்கிறது." அப்படிச் சொல்வது புறங்கூறுவதுதான், ஜெபத்தின் பெயர் அதை மாற்றாது.

மன்னிப்புக் கேட்கும்போது செய்த காரியத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "நான் ஏதாவது தப்பா நடந்திருந்தா மன்னிச்சிடுங்க" என்பதில் எதுவும் ஒப்புக்கொள்ளப்படவில்லை. அவர் செய்த தப்பைப் பதிலுக்குச் சேர்க்காதீர்கள். அதை அவரே சொன்னால் சொல்லட்டும், சொல்லாவிட்டாலும் உங்கள் பங்கு முடிந்தது. அப்புறம், பேச்சு எவ்வளவு தூரம் பரவியதோ அவ்வளவு தூரம் திருத்தமும் போக வேண்டும். நான் அந்த மூன்று பேரிடமும் திரும்பப் போய், "நான் அன்னைக்குச் சொன்னது சரியில்லை" என்று சொன்னேன். அண்ணனிடம் பேசியதைவிட இதுதான் கடினமாக இருந்தது.

இந்தப் படிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்கிறேன். இங்கே நான் பேசுவது மனஸ்தாபங்களைப் பற்றி. அடி, பாலியல் தொந்தரவு, பணமோசடி, மிரட்டல் போன்றவை வேறு வகை. அவற்றுக்கு ஆளானவரிடம் "மன்னித்துவிடுங்கள், சபையின் ஐக்கியம் கெட்டுவிடும்" என்று சொல்வது அவர்மேல் இன்னொரு கொடுமையைச் சுமத்துவது. அவர் தன்னைப் புண்படுத்தியவரிடம் தனியாகப் போக வேண்டியதில்லை. அவருக்குத் தேவை பாதுகாப்பு, நம்புகிற காது, சட்டத்தின் உதவி. குற்றத்தை மூடிவைத்துக் கிடைக்கும் அமைதியை ஐக்கியம் என்று அழைக்கக் கூடாது. நியாயம் தண்ணீரைப் போலப் புரண்டு வரட்டும், உங்கள் பாடல்களின் இரைச்சலை என்னைவிட்டு அகற்றுங்கள் என்று ஆமோஸ் 5-ஆம் அதிகாரத்தில் தேவன் சொன்னது இப்படிப்பட்ட கூடுகைகளைப் பார்த்துத்தான்.

படி 4: கூடுகையை ஒன்றுசேர்ந்து செய்கிற காரியமாக மாற்றுங்கள்

இது ஆராதனை நடத்துகிறவர்களுக்கு. தமிழில் "நாம்", "நாங்கள்" என்று இரண்டு சொல் இருப்பது ஆராதனைக்குப் பெரிய உதவி. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். கர்த்தருடைய ஜெபம் தேவனிடம் பேசுவதால் "எங்கள் பிதாவே" என்று வருகிறது. அந்த ஜெபத்தில் "நான்", "என்" என்ற சொல்லே கிடையாது. அறைக்குள் தனியாக, கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபித்தாலும் "எங்களுக்கு" என்றுதான் அப்பம் கேட்க வேண்டும். அந்த "எங்கள்" என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? நீங்கள் பேசாமல் இருப்பவரும் அதற்குள்தான் இருக்கிறார். ஒரு வாரம் அந்த ஜெபத்தை மிக மெதுவாக, ஒவ்வொரு "எங்கள்" வரும்போதும் ஒரு விநாடி நிறுத்திச் சொல்லச் செய்து பாருங்கள்.

அடுத்த வாரப் பாட்டுப் பட்டியலை எடுத்து, எத்தனை பாட்டு "நான்" என்று பேசுகிறது, எத்தனை "நாம்" என்று பேசுகிறது என்று எண்ணுங்கள். "நான்" பாடல்கள் வேண்டும். சங்கீதங்களிலேயே "நான்" என்று பேசுபவை ஏராளம், அவற்றை வேண்டாம் என்று யாரும் ஒதுக்க முடியாது. ஆனால் எல்லாமே "நான்" என்றால் இருநூறு பேர் இருநூறு தனி அறையில் இருப்பது போலாகிவிடும். எபேசியர் 5:19-இல் பவுல் சங்கீதங்களாலும் பாட்டுகளாலும் ஒருவருக்கொருவர் பேசச் சொல்கிறார். பக்கத்தில் நிற்பவரின் குரல் உங்களுக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஸ்பீக்கர் சத்தம் அதிகம். சுருதியும் அப்படித்தான். பாடுகிறவருடைய குரலுக்கு ஏற்ற உச்சத்தில் வைத்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். சாதாரணக் குரலுக்கு எட்டும்படி இறக்கி வையுங்கள்.

உட்காரும் இடத்தையும் பாருங்கள். பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும், ஏழைக்குப் பாதபடியருகே இடமும் கொடுப்பதை யாக்கோபு 2-ஆம் அதிகாரம் நேரடியாகக் கண்டிக்கிறது. வாசலில் நிற்பவர்கள் யாரை எங்கே அழைத்துப் போகிறார்கள் என்று ஒரு மாதம் கவனித்தாலே போதும், பேச வேண்டியது தெரிந்துவிடும்.

திருவிருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. "அபாத்திரமாய்" பானம்பண்ணுவதைப் பற்றிய 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகார எச்சரிக்கையை அவரவர் இரகசியப் பாவத்தைப் பற்றியது என்று மட்டுமே பலர் எண்ணுகிறார்கள். அந்தப் பகுதியின் பின்னணியைப் பாருங்கள்: கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் சொல்லும் தீர்வும் மிக எளிது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். திருவிருந்துக்கு முன் சோதித்தறியும்போது "நான் யாரைக் காக்க வைத்தேன், யாரைக் கவனிக்காமல் விட்டேன்" என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: கருத்து வேறுபாட்டை வகை பிரியுங்கள்

எல்லா வேறுபாடும் ஒரே எடை அல்ல. கிறிஸ்து கர்த்தர், அவர் மரித்து உயிர்த்தார் என்பது ஒரு வகை. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பது, சபையை யார் நிர்வகிப்பது என்பது இரண்டாவது. சபைகள் இதில் வேறுபடுகின்றன, அந்த வேறுபாடுகளுக்குப் பின்னால் நேர்மையான வேதவாசிப்பு இருக்கிறது. பழைய கீர்த்தனையா புதிய பாட்டா, கை தட்டலாமா, டிரம்ஸ் வேண்டுமா என்பது மூன்றாவது வகை. சோகம் என்னவென்றால், சண்டை பெரும்பாலும் மூன்றாவதில் நடக்கிறது, பேசுகிற வேகமோ முதல் வகைக்கு உரியது.

ரோமர் 14 இதற்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கும். போஜனம், விசேஷ நாட்கள் இவற்றால் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருந்த விசுவாசிகளுக்குக் கி.பி. 57 வாக்கில் பவுல் எழுதினார். இரு கூட்டத்தையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவர அவர் முயலவில்லை. அவனவன் தன் மனதிலே நிச்சயம் உள்ளவனாயிருக்கட்டும் என்றார். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ண வேண்டாம், சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிச் சோதனை: ஒருவருக்கு இகழ்ச்சி, மற்றவருக்குத் தீர்ப்பு. நம் சபையில் புதுப் பாட்டு விரும்புகிறவர்கள் பழையதை இகழ்கிறார்கள், பழையதை விரும்புகிறவர்கள் புதியதைத் தீர்க்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்பது உங்களுக்கே தெரியும்.

படி 6: குறை சொல்பவர்கள் கையில் பொறுப்பைக் கொடுங்கள்

சில பிரிவினைகள் ஜெபத்தால் மட்டும் தீராது, நிர்வாகம் மாற வேண்டும். அப்போஸ்தலர் 6-இல் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில், அதாவது உணவுப் பகிர்வில், விடுபட்டார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் "முறுமுறுக்காதீர்கள்" என்று பிரசங்கம் பண்ணவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்ட பக்கத்தாரின் மொழியில் பெயர் உள்ளவர்களிடமே முழுச் சபையின் பந்தியும் ஒப்படைக்கப்பட்டதாகத் தெரிகிறது.

உங்கள் சபையில் எந்தக் கூட்டத்தார் தொடர்ந்து குறை சொல்கிறார்கள்? இளைஞர்களா, பெண்களா, வேறு மொழி பேசுகிறவர்களா, புதிதாக வந்தவர்களா? ஆராதனையைத் திட்டமிடும் மேசையில் அவர்களுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: எழுதி, கையெழுத்துப் போட்டு, தொடர்ந்து ஜெபியுங்கள்

1722 முதல் மொராவியாவிலிருந்து துன்புறுத்தலுக்குத் தப்பிய விசுவாசிகள், ஜெர்மானியப் பிரபு சின்செண்டார்ஃபின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்ற குடியிருப்பை உண்டாக்கினார்கள். வேறு பின்னணியிலிருந்தும் பலர் வந்து சேர்ந்தார்கள். விசுவாசத்துக்காக வீட்டையே விட்டு வந்தவர்கள், சில வருடங்களில் ஆராதனை முறையிலும் உபதேசத்திலும் சண்டையிட்டுப் பிளவின் விளிம்புக்கு வந்துவிட்டார்கள். பிரபு டிரெஸ்டனில் தனக்கிருந்த அரசுப் பணியை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர்களோடேயே தங்கி ஒவ்வொருவரிடமும் பேசினார். 1727 மே 12-ஆம் தேதி சேர்ந்து வாழ்வதற்கான உடன்படிக்கை ஒன்றை ஏற்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் தேதி பெர்தெல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து திருவிருந்து எடுத்தார்கள். அந்த நாளைத்தான் மொராவிய சபை தன் புதுப்பிறப்பாக இன்றும் நினைவுகூர்கிறது. இரண்டு வாரத்தில், 24 ஆண்களும் 24 பெண்களும் மணிக்கு மணி மாறி மாறி ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கிலி நூறு வருடத்துக்கு மேல் நீடித்தது.

ஆகஸ்ட் மாதத்து எழுப்புதலை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் உண்டு. எனக்கோ மே மாதம்தான் முக்கியம். சலிப்பான பேச்சுவார்த்தை, வீட்டு வாசல்கள், எழுதிய தாள். அதற்குப் பிறகுதான் திருவிருந்து.

உங்கள் சபையிலும் ஒரு பக்கத்துக்குள் எழுதலாம். புறங்கூற மாட்டோம், மனஸ்தாபம் வந்தால் முதலில் அவரிடமே போவோம், ஆராதனை முறை பற்றிய முடிவுகளைச் சேர்ந்து எடுப்போம். இவ்வளவு போதும். வருடத்துக்கு ஒருமுறை சத்தமாக வாசித்துப் புதுப்பியுங்கள்.

படி 8: சபைச் சுவருக்கு வெளியே

வேறு சபைகளுக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்பதில் தொடங்குங்கள். அவர்கள் திருந்த வேண்டும் என்று அல்ல, அவர்கள் ஆசீர்வதிக்கப்பட வேண்டும் என்று. கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம் 1908-இல் தொடங்கியது. பல நாடுகளில் ஜனவரி 18 முதல் 25 வரை அதைக் கடைப்பிடிக்கிறார்கள். அந்த வாரத்தில் ஒரு நாளாவது அருகிலுள்ள வேறு சபையோடு சேர்ந்து ஜெபியுங்கள்.

இது மெதுவாகத்தான் நடக்கும். 1054-இல் மேற்குத் திருச்சபையின் ரோமும் கிழக்குத் திருச்சபையின் கொன்ஸ்தாந்தினோப்பிளும் ஒன்றையொன்று விலக்கிவைத்த தீர்ப்புகளை, 1965 டிசம்பர் 7-ஆம் தேதி போப் ஆறாம் பவுலும் முதுபெரும் தந்தை அத்தெனாகோராஸும் நினைவிலிருந்தே அகற்றுவதாக அறிவித்தார்கள். 911 வருடம். அதற்குப் பிறகும் அவர்கள் முழுமையாக ஒரே பந்தியில் இல்லை. ஆனாலும் அந்த அறிவிப்பு வந்திராவிட்டால் அடுத்த பேச்சே தொடங்கியிருக்காது.

எதிரில் இருப்பவர் மறுத்தால்

நீங்கள் போவீர்கள், கதவு திறக்காது. அப்படியும் நடக்கும். "கூடுமானால், உங்களாலானமட்டும்" எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்கிறது ரோமர் 12:18. அந்த இரண்டு நிபந்தனைகளும் உங்களைக் குற்ற உணர்விலிருந்து காக்கின்றன. உங்கள் பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஆராதனைக்கு வாருங்கள். அவர் பெயரை ஜெபத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

பவுலுக்கே இது நடந்தது. மாற்குவை ஊழியத்துக்கு அழைத்துப் போவதா வேண்டாமா என்று அவரும் உடன் ஊழியரான பர்னபாவும் கடுமையாக மோதிக்கொண்டு பிரிந்தார்கள். மாற்கு முன்பு பாதியில் விட்டுப் போனவன், அவனை மறுபடி சேர்க்க முடியாது என்பது பவுலின் கட்சி. பல வருடம் போயிற்று. தன் ஓட்டம் முடிகிறது என்று அறிந்த பவுல், சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, வரும்போது கொண்டுவரச் சொல்லிச் சில காரியங்களைக் கேட்கிறார். துரோவாவில் விட்டுவந்த மேலங்கி. புத்தகங்கள், முக்கியமாகத் தோற்சுருள்கள். அவற்றுக்கும் முன்னால், மாற்குவையும் கூட்டிக்கொண்டு வா என்கிறார், அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்.